கொம்பு முகமூடியின் பாரம்

அண்ணை,

உங்கள் பேருக்குப் பார்சல் ஒன்று வந்திருக்கிறது. மார்கழி பிறந்தால் அலோயிஸ் சீஸ் அனுப்பாமல் விடமாட்டார் என்று தெரியும். தெரிந்தும், ஸ்காபரோ பிளாசாவில் எங்கள் ஒபிஸ் வாசலில் அந்தப் பெட்டியைக் கண்டதும் கதவைத் திறக்காமல் வெளியிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் போன சங்கதி மனுசனுக்குத் தெரியாது. நான்தான் இன்னும் எழுதவில்லை. ஒஸ்ரியாவில் இருக்கிற ஒரு சமையல்காரருக்கு, அதுவும் நீங்கள் மூக்கை உடைத்த ஒரு மனுசருக்கு, என்னவென்று எழுதுகிறது?

பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு ஸ்ரௌவ்வில் வீட்டுக்கு வெளிக்கிட்டேன். ஹீற்றர் சூடேறியதும் மணம் கிளம்பிவிட்டது. மாட்டுக்கொட்டிலும் புகையும் நனைந்த தோலும் கலந்த மணம். பாதி வழியில் ஜன்னலைத் திறந்து, குளிருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததும் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். "அம்மா, திஸ் ஸ்மெல்ஸ் லைக் அ டெட் கோட்" என்றாள், செத்த ஆடு மாதிரி மணக்குதாம். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அந்த மணத்தோடு மணிச்சத்தமும் வந்தது, கொம்பும் வந்தது, வெள்ளைப் பனியில் சிவப்பாக ஒழுகினதும் வந்தது. இப்போது குசினி மேசையில் பெட்டியையும் கத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எழுதப்போகிறதில் முக்கால்வாசி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரே ஒரு விசயத்தை நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்டு போய்விட்டீர்களோ என்று எனக்கு ஒரு பயம் கிடக்கிறது. அதற்கு வர முதல் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள். உயிரோடு இருக்கும்போது நான் ஒன்று சொல்லத் தொடங்கினாலே "சரி சரி, விசயத்துக்கு வா" என்பீர்கள். இனி அவசரம் இல்லைத்தானே.

நீங்கள் என் கூடப்பிறந்தவர் இல்லை. என் குகன் அண்ணாவின் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரு சைக்கிளில் திரிந்தவர்கள். எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்போது இலங்கை ஆமி முதலில் உங்களைப் பிடித்தது. கொஞ்ச நாளில் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தது. ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நிறுத்தினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் வேப்பமரத்துக்குக் கீழே வெயிலும் நிழலுமாக இருத்தினார்கள். நடுவில் ஒரு கதிரை. கதிரையில் ஒரு ஆள். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அந்தச் சாக்குக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு சும்மா இருந்தால் தப்பினான். சாக்குத் தலை ஆடினால் அவன் முடிந்தான். எங்கள் ஊரில் அப்படி இருத்தி வைக்கிற ஆளுக்குத் தலையாட்டி என்று பேர்.

குகன் அண்ணா போய் நின்றார். நான் சாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலை கீழே போனது. உடனே அண்ணாவைத் தலைமயிரில் பிடித்து இழுத்தார்கள். வாய் திறந்தார், துவக்குப் பிடியால் வாயிலேயே போட்டார்கள். பல் விழுந்ததைக் கண்டேன். அம்மா எழும்பி ஓடினா. அவவின் வயிற்றில் சப்பாத்தால் உதைத்தார்கள். அண்ணாவை ட்ரக்கில் தூக்கி எறிந்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். அதுதான் கடைசி. உடம்பும் இல்லை, ஒரு துண்டுச் சேட்டும் இல்லை.

பிறகு நாங்கள் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோ அபார்ட்மென்ற் ஒன்றில் இருக்கும்போது நீங்கள் கதவைத் தட்டினீர்கள். "குகன்ரை கூட்டாளி" என்று மட்டும் சொன்னீர்கள். ஆமி உங்களை எப்படி விட்டது என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா உங்களைக் கட்டிப்பிடித்து அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் வெளியே வந்தது. அன்றைக்கிருந்து நீங்கள்தான் எங்கள் வீட்டு ஆம்பிளைப் பிள்ளை. விமான ரிக்கெற் ஏஜென்சி போட எனக்குத் துணிவு தந்தது நீங்கள், அம்மாவை டொக்ரரிடம் கொண்டு திரிந்தது நீங்கள், கடைசியில் அம்மாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்ததும் நீங்கள். கலியாணம் செய்யுங்கள் என்று அம்மா கெஞ்சாத நாள் இல்லை. "எனக்கு ஆரம்மா பெண் தருவினம்" என்று சிரிப்பீர்கள்.

அம்மா உங்களுக்குப் புட்டுப் போட்டுக்கொண்டே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தலையாட்டியைத் திட்டுவா. "என்ரை பிள்ளையைக் காட்டிக்குடுத்த தலை புழுத்துப் போகவேணும். கழுத்திலை நிக்காமல் அழுகி விழவேணும்." நீங்கள் குனிந்தபடி சாப்பிடுவீர்கள். அவ திட்டி முடிந்ததும் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்பீர்கள். நான் அதைப் பசி என்று நினைத்தேன்.

அம்மா போய் இரண்டு வருசத்தால்தான் இந்த அல்ப்ஸ் விசர் கிளம்பியது. இங்கத்தைத் தமிழ் வியாபாரிகள் வருசாவருசம் வைக்கிற கூட்டத்தைக் கோழிக்கறி மணக்கிற மண்டபங்களில் வைத்து அலுத்துப்போய், இந்தமுறை மலையில் வைப்போம், பெண்சாதிமாரையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று யாரோ தொடங்க, அது எங்கள் தலையில் விழுந்தது. ஒஸ்ரியாவில் திரோல் மலைப்பக்கத்து உல்லாசப்பயண ஒபிஸுக்கு நீங்கள் ஈமெயில் போட்டீர்கள். வாருங்கள், கூட்ட மண்டபமும் கலைநிகழ்ச்சியும் சாப்பாடும் மலையுச்சியும் எல்லாம் காட்டுகிறோம், செலவு எங்களது என்று பதில் வந்தது. உங்களுக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் படவில்லை. பனிக்கென்று ஒரு சிவப்பு ஜக்கற் வாங்கிப் போட்டுக்கொண்டு, தீயணைக்கிற ஆள் மாதிரி விமானத்தில் ஏறினீர்கள்.

அங்கே எங்களைக் கூட்டித்திரிந்த அந்த ஒபிஸ்காரி பிர்கிட் நல்ல பெட்டை. ஐந்நூறு பேர் இருக்கக்கூடிய மண்டபம், மரத்தால் செய்த கூரை, ஜன்னல் முழுக்க மலை. நீங்கள் ஒவ்வொரு கதிரையாக இருந்து பார்த்தீர்கள். மத்தியானம் ஹோட்டலில் சூப்புக்குள் பாண் உருண்டை மிதந்து வந்தது. ஒரு வாய் வைத்தீர்கள். "உதென்ன பிள்ளை, ஆசுப்பத்திரிச் சாப்பாடு மாதிரி" என்று எழும்பி, பையிலிருந்த மிளகாய்த்தூள் போத்தலோடு நேரே குசினிக்குள் போய்விட்டீர்கள். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. எட்டிப் பார்த்தால், மலை போன்ற ஒரு சமையல்காரர் உங்கள் தூளை நக்கிவிட்டுக் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டு உங்கள் முதுகில் தட்டுகிறார். அதுதான் அலோயிஸ். பாஷை ஒன்றும் ஓடாமலே இரண்டு பேரும் ஒரு முட்டைப் பொரியல் செய்து முடித்தீர்கள். அவ்வளவு வாய்விட்டு நீங்கள் சிரித்து அதற்கு முதல் நான் கண்டதில்லை.

அன்று பொழுதுபடத்தான் கிறாம்பஸ் ஊர்வலம். பிர்கிட் முதலே விளக்கம் சொன்னவள். சாமியார் ஒருவரின் திருநாளுக்கு முதல் நாள், ஊர் ஆம்பிளைகள் ஆட்டுத்தோலைப் போர்த்து, மரத்தில் செதுக்கின பேய்முகத்தைக் கொம்போடு மாட்டி, இடுப்பில் மாட்டுமணி கட்டிக்கொண்டு வருவார்களாம். கையில் கம்புக்கட்டு. பார்க்கிறவர்களின் காலில் விளாசுவார்களாம். உள்ளே யார் என்று ஒருவருக்கும் தெரியாது, அவர்கள் வாய் திறக்கவும் மாட்டார்கள். நீங்கள் கேட்டுவிட்டு, எங்கடை சனத்துக்கு இது நல்லாய்ப் பிடிக்கும், வீடியோ எடு என்றீர்கள். முகமூடி, வாய் திறக்காத ஆள், ஆளைப் பார்த்துத் தெரிந்தெடுக்கிறது. கூட்டிப் பார்க்க எனக்கும் புத்தி வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை.

மணிச்சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு புகை. பிறகு அந்த ஒடுங்கின தெரு முழுக்கக் கொம்புகள். சனம் சிரித்தும் கத்தியும் பின்னுக்குப் போனது. என் முழங்காலில் ஒருவன் விளாசினான், நல்ல உறைப்பான அடி. நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கையில் கொதிக்கக் கொதிக்கப் பழரசம், தடித்த மண்கோப்பையில். ஒரு பேய் வரிசையை விட்டு விலகி வந்து உங்களுக்கு முன்னால் நின்றது. அசையாமல் நின்றது. இரண்டு ஓட்டை உங்களையே பார்த்தன. பிறகு அந்தத் தலை மெல்லக் கீழே போனது. எழும்பியது. திரும்பக் கீழே போனது.

கோப்பை உடைந்த சத்தத்துக்குப் பிறகுதான் நான் உங்களைப் பார்த்தேன். அதை முகமூடியின் கன்னத்தில் அடித்து நொறுக்கியிருந்தீர்கள். இரண்டு கொம்பையும் பிடித்து முறுக்கி இழுத்தீர்கள். முகமூடி கழன்று பறந்தது. ஆளை மல்லாத்தி நெஞ்சில் ஏறி இருந்துகொண்டு, கையில் மிஞ்சின உடைந்த பிடியால் முகத்தில் குத்தினீர்கள். மூக்கெலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. இரத்தம் உங்கள் சிவப்பு ஜக்கற்றில் தெரியவில்லை, பனியில்தான் தெரிந்தது. குத்தக் குத்த ஒரே சொல்லைத்தான் கத்தினீர்கள்: "ஆட்டாதை! ஆட்டாதை!" உங்கள் குரல் இல்லை அது. அடிபடுகிற மாட்டின் குரல்.

மற்றப் பேய்கள் எல்லாம் உங்கள்மேல் பாய்ந்தன. சப்பாத்துக்காலால் விலாவில் உதைத்தார்கள், முகத்தைப் பனிக்குள் அழுத்தினார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கைப்பையைச் சுழற்றி ஒருவனின் கொம்பில் அடித்தேன். இன்னொருவனின் கையை ஆட்டுத்தோலோடு சேர்த்துக் கடித்தேன். வாய்க்குள் மயிரும் கொழுப்பும். அந்த ருசிதான் இன்றைக்குக் காரில் வந்த மணம். அடித்தும் கடித்தும் முடிந்து நிமிர்ந்தபோதுதான், பனியில் மல்லாந்து இரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்த முகத்தைக் கண்டேன். முட்டை பொரித்த அலோயிஸ்.

பொலிஸில் நீங்கள் வாயே திறக்கவில்லை. நனைந்த உடுப்போடு, உதடு கிழிந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். அலோயிஸ் முறைப்பாடு கொடுத்தால் வழக்கு, சிறை. வீட்டுக்குத் திரும்புவதே சந்தேகம். ஆகவே நான் கதைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சாக்கைச் சொன்னேன், கதிரையைச் சொன்னேன், இந்த மனுசனை ஒரு முகமூடி தலையாட்டித்தான் ஆமி கொண்டுபோய் உடைத்தது என்றேன். அப்படி நடந்தது என்று நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. வேறு எப்படி நடந்திருக்கும் என்று நானாக முடிவெடுத்துவிட்டேன். பிர்கிட் மொழிபெயர்த்துக்கொண்டே அழுதாள். பொலிஸ்காரர் உங்கள் கைவிலங்கைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி வைத்தார். நீங்கள் குடிக்கவில்லை. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அது நன்றி என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலமை அலோயிஸ் ஹோட்டல் குசினியில் எங்களைக் கூப்பிட்டார். மூக்கில் பஞ்சு, இரண்டு கண்ணும் நீலமாய் வீங்கி மூடின மாதிரி. முறைப்பாடு கொடுக்கப்போவதில்லை என்று பிர்கிட் மூலம் சொன்னார். பிறகு, கன்னம் வெடித்த அந்த மரமுகத்தை மேசையில் வைத்து, நான் உன்னைப் பார்த்துத் தலையாட்டவே இல்லை என்றார். ஓட்டைக்குள்ளால் ஒருவரும் தெரியாது. கொம்போடு சேர்ந்து இது கழுத்தை முன்னுக்கு இழுக்கும், நின்றால் தலை தானாக விழும், போட்டுப் பார், உனக்கே விளங்கும் என்றார். கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் மனத்தை ஆற்றத்தான் சொன்னார், பாவி மனுசன்.

நீங்கள் அதைத் தூக்கித் தலையில் மாட்டினீர்கள். கொஞ்ச நேரம் நேராக நின்றீர்கள். பிறகு அந்தத் தலை மெல்லக் கீழே போனது. நிமிர்த்தினீர்கள். திரும்பவும் போனது. மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். அலோயிஸ்தான் கழற்றினார், கட்டிப்பிடித்தார். அவரின் மூக்கிலிருந்து திரும்ப இரத்தம் வந்து உங்கள் தோளில் பட்டது.

மலையுச்சி மண்டபத்தையும் பார்த்துவிட்டுத்தானே போக வேண்டும் என்று பிர்கிட் முதலே மேலே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும், கம்பியில் தொங்கிக்கொண்டு மலையேறுகிற அந்தக் கம்பிவடப் பெட்டியில் ஏறினோம். நடுவழியில், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தில், பெரிய குண்டு ஒன்று வெடித்தது. பனி சரிந்து ஆட்கள்மேல் விழ முதல் அவர்களே வெடிவைத்துச் சரிக்கிறதாம், பிறகு சொன்னார்கள். எங்களுக்கு யார் சொன்னது? இரண்டு பேரும் ஒரேயடியாகப் பெட்டியின் தரையில் குப்புற விழுந்தோம். முகம் நிலத்தில் கிடக்க, கையைத் தலைக்கு மேலே வைத்தபடி, நீங்கள் கதைக்கத் தொடங்கினீர்கள்.

"பிள்ளை, நீ பொலிசிலை சொன்னது பிழை. என்னை ஒருத்தரும் தலையாட்டிப் பிடிக்கேல்லை. அண்டைக்குச் சாக்குக்குள்ளை இருந்தது நான்."

எனக்கு அது விளங்கவில்லை. மொழி தெரியாத ஆள் மாதிரிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் நிற்பாட்டவில்லை. எப்படி உங்களைத் தலைகீழாகக் கட்டித் தூக்கினார்கள், பாதத்தில் எதால் அடித்தார்கள், எத்தனை முறை மூச்சை நிறுத்தினார்கள் என்று பயணக்காரருக்கு வழித்தடம் சொல்கிற மாதிரிச் சொன்னீர்கள். கதிரையில் இருத்தும்போது உங்களால் நிற்கக்கூட முடியாதாம். ஒருவனுக்கும் ஆட்டுவதில்லை என்று உள்ளே சத்தியம் செய்துகொண்டு இருந்தீர்களாம். பிறகு குகன் அண்ணா.

"அவன் வந்து நிண்டான். நான் ஆட்டக்கூடாது எண்டுதான் இருந்தனான். பிடரியிலை ஒரு அடி விழுந்த மாதிரிக் கிடக்கு. தலை போட்டுது. அடி முதலோ, நான் ஆட்டினது முதலோ, அடியே விழுந்ததோ, எனக்குத் தெரியாது. இவ்வளவு வருசமாய் யோசிக்கிறன், தெரியேல்லை. நீ அங்கை இருந்தனி. நீ கண்டனி. எனக்குப் பின்னாலை ஆரும் நிண்டவங்களோ?"

நான் அடித்தேன் அண்ணை. கன்னத்தில் அடித்தேன், வாயில் அடித்தேன், முதல் நாள் கிழிந்த உதடு திரும்பக் கிழிந்தது. தலைமயிரைப் பிடித்து அந்தக் கண்ணாடியில் உங்கள் தலையை மோதினேன். பெட்டி ஆடியது, கம்பி கிறீச்சிட்டது, விழுந்தால் விழட்டும் என்று இருந்தது. எங்கள் வீட்டுப் புட்டைத் தின்றாய், அம்மாவின் மடியில் படுத்தாய், அவவின் பெட்டியைத் தூக்கினாய் என்று, வாழ்க்கையில் முதல்தரம் உங்களை நீ போட்டுக் கத்தினேன். நீங்கள் ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. இதற்காகத்தானா எங்கள் கதவைத் தட்டினாய் என்று கேட்டேன். "ஓம்" என்றீர்கள். பின்னால் ஆள் நின்றதோ என்று கேட்கத்தான் வந்தீர்களாம். அம்மா கட்டிப்பிடித்து அழுததும் கேட்க வாய் வரவில்லையாம். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் திட்டுவது உங்களுக்குத் தேவையாய் இருந்ததாம்.

மேலே பெட்டியின் கதவைத் திறந்தால் பிர்கிட்டும் படமெடுக்கிற ஆளும். உங்கள் வாயில் இரத்தம், என் விரல்களுக்குள் உங்கள் மயிர். குண்டுச்சத்தத்துக்குப் பயந்து விழுந்துவிட்டோம் என்று சொன்னேன், நம்பினாள். ஜன்னலோரம் இருத்தி, பிய்த்துப்போட்ட அப்பம் மாதிரி ஒரு இனிப்பைப் பிளம்ஸ் பாணியோடு வைத்தார்கள். தின்றோம். மண்டபம் எத்தனை பேருக்குக் காணும் என்று கேட்டேன். படத்துக்குச் சிரித்தோம். அந்தப் படம் எங்கள் ஒபிஸ் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதற்குள் இருக்கிற பெண் என்ன நினைத்தாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவரை அந்த ஜன்னலால் தள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அதுக்குப் பிறகு நான் உங்களைத் தள்ளவில்லை. விடவும் இல்லை. ஊருக்கு என்ன காரணம் சொல்லிப் பிரிகிறது? ஒரே அறையில், மேசைக்கு மேசை எதிரே இருந்து வருசக்கணக்காக ரிக்கெற் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. வியாபாரிகளின் கூட்டம் கடைசியில் இங்கேயே, அஜக்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நீங்கள் ஒவ்வொரு பின்னேரமும் லைற்றை அணைக்க முதல் ஒரு கணம் என் பக்கம் திரும்பி நிற்பீர்கள். கேட்கமாட்டீர்கள். நான் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யோசிக்கவில்லை என்று நினையாதையுங்கோ. கண்ணை மூடினால் அதே வளவுதான். கதிரை தெரியும். சாக்கு தெரியும், அதில் அரிசி ஆலையின் பச்சை எழுத்துக்கூடத் தெரியும். தலை கீழே போவது தெரியும். கதிரைக்குப் பின்னால் பார்க்கப் போனால் அங்கே வெறும் வெயில்தான். சில நாள் அந்த வெயிலில் ஒரு சப்பாத்து நிற்கும். அதை நான் கண்டேனா, நானே கொண்டுபோய் வைத்தேனா, தெரியாது. சின்னப்பிள்ளை நான், அந்தத் தலையைவிட்டு வேறு எதையும் பார்க்கவில்லை. தெரியாது என்பதுதான் உண்மை, அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் துடிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் ஆசை இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருசம் பனி கரையத் தொடங்கினபோது நீங்கள் நோயில் விழுந்தீர்கள். ஸ்காபரோ ஆசுப்பத்திரியில் வாய்க்குள் குழாய், கதைக்க வழியில்லை. சொந்தம் யார் என்று நர்ஸ் கேட்டா. தங்கச்சி என்றேன், வேறு என்ன சொல்வது? மத்தியான வெளிச்சம் கட்டிலில் விழுந்திருந்தது. நீங்கள் கண்ணைத் திறந்து என்னைக் கண்டீர்கள். ஊசி குத்தின அந்தக் கையை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டுபோய் உங்கள் பிடரியில் வைத்தீர்கள். வைத்தபடி என்னைப் பார்த்தீர்கள். கம்பிவடப் பெட்டியில் கேட்டதைத்தான் திரும்பக் கேட்டீர்கள். இந்தமுறை நான் எங்கேயும் திரும்பவில்லை.

நான் தலையை ஆட்டினேன். ஓம், பின்னால் ஒருவன் நின்றவன், கண்டேன் என்று.

உங்கள் கை விழுந்தது. முகம் அப்படியே இளகிப்போனது. கலியாணம் கட்டாத, ஞாயிற்றுக்கிழமை இல்லாத, பாதத்தில் தழும்போடு திரிந்த மனுசன், அலோயிஸின் குசினியில் சிரித்த மாதிரி ஒருக்கால் இருந்தீர்கள். பிறகு நித்திரையாகிவிட்டீர்கள். எழும்பவில்லை.

செத்தவீட்டில் எல்லாரும் உங்களைக் குகன்ரை கூட்டாளி என்றுதான் சொன்னார்கள். நானும் திருத்தவில்லை. அலோயிஸுக்கு நாளைக்கு எழுதுவேன். அவருக்கு உண்மையைத்தான் எழுதுவேன், மூக்கைக் கொடுத்தவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது. இப்போது சீஸை வெட்டி ஒரு துண்டு தின்று பார்த்தேன். உங்களுக்கு எப்படிப் பிடித்ததோ, கோதாரி, மிளகாய்த்தூள் போட்டும் இறங்குதில்லை. மிச்சத்தைச் சுற்றி வைக்கிறேன். எறிய மனம் வரவில்லை.

நீங்கள் பிழையாக விளங்கியிருப்பீர்களோ என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். உங்கள் பின்னால் அன்றைக்கு ஆள் நின்றதோ இல்லையோ எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. குகன் அண்ணா கேட்டால் அவருக்கும் இதைத்தான் சொல்லுவேன். ஆனால் அன்றைக்குக் கட்டிலடியில் என் தலை கீழே போனபோது, அண்ணை, எனக்குப் பின்னால் ஒருத்தரும் நிற்கவில்லை. நானாகத்தான் ஆட்டினேன்.